தாத்தா தந்த தேத்தண்ணி

போன் அடித்தது.

எடுக்க வேண்டியவள் குசினித் தரையில் கிடந்தாள்!

நெற்றிக்கு மேலே முடிக்குள்ளிருந்து இரத்தம் வழிந்து சீமெந்துத் தரையில் பரவிக்கொண்டிருந்தது. அடுப்புக்குக் கீழே, கையெட்டும் தூரத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்து கிடந்தது.

போன் நின்றது.

மறுபடி அடித்தது.

வாசலில் செருப்புச் சத்தம்...

"றம்ஸியா! போன் அடிக்குது, காதுல உழல்லயா புள்ள?"

உள்ளே வந்தவள் ஸுஹைறா. கல்முனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி. றம்ஸியாவும் அதே பிரிவில்தான் தாதி. இரண்டு பேரும் ஒரே ஓட்டோவில் வேலைக்குப் போகிறவர்கள்.

ஸுஹைறா குசினி வாசலில் நின்றாள். பார்த்தாள்.

அலறினாள்!

மருதமுனையின் அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்ட அலறல். நடிப்பில்லாத, அடிவயிற்று அலறல்.

அடுத்த நிமிடம் அவளுக்குள் இருந்த தாதி விழித்துக்கொண்டாள். சட்டென்று குந்தினாள். தன் சால்வையைக் கழற்றிக் காயத்தில் வைத்து அழுத்தினாள். மற்றக் கையால் நாடி பார்த்தாள்.

பக்கத்து வளவிலிருந்து ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். நுஸ்ரத். றம்ஸியாவின் கூடப்பிறந்த மூத்தவள்.

"அல்லாஹ்வே! என்ட தங்கச்சிக்கு என்ன நடந்த?"

"கத்தாதங்க நுஸ்ரத்! மூச்சு இரிக்கி. கெதியா ஓட்டோவக் கூப்புடுங்க!"

"இரத்தம்... இவ்வளவு இரத்தம்..."

"ஓட்டோவக் கூப்புடுங்க எண்டு சொல்றன்!"

நுஸ்ரத் ஓடினாள்.

குசினியை அடுத்த அறையில், கட்டிலுக்குக் கீழே, ஒரு பயணப் பெட்டி வாயைத் திறந்தபடி சரிந்து கிடந்தது. அன்று இரவு பஸ்ஸில் றம்ஸியா கொழும்புக்குப் போக வேண்டும். நாளை காலை அமெரிக்கத் தூதரகத்தில் அவளுக்கு நேர்முகம்!

டெக்சஸில் ஓர் ஆஸ்பத்திரி இவளை வேலைக்கு எடுத்து, நிரந்தர வதிவிடத்துக்கும் மனுப் போட்டிருந்தது. கிரீன் கார்ட்! அதற்காக இங்கிலீஷ் பரீட்சை, தாதிப் பரீட்சை, சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஆண்டுக்கணக்கில் மூச்சுப் பிடித்து ஓடியவள் அவள். இனி மிச்சம் அந்த ஒரு நேர்முகம் மட்டும்தான்.

யாருக்கோ அது பிடிக்கவில்லை!

*

"காயம் பெருசில்ல. ஸ்கேனும் கிளியர்" என்றார், றம்ஸியா வேலை செய்கிற அதே தீவிர சிகிச்சைப் பிரிவின் டொக்டர் அஸ்ஹர்.

"பிறகு ஏன் இன்னும் மயக்கம்?"

கேட்டவர் சப் இன்ஸ்பெக்டர் மதுஷன். சொந்த ஊர் பருத்தித்துறை. கிழக்குக்கு மாற்றலாகி வந்து இன்னும் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை.

"அதத்தான் சொல்ல வாறன். விழுந்ததால மயங்கல்ல சேர். மயங்கினதாலதான் விழுந்திரிக்கா. இரத்தத்துல தூக்க மருந்து இரிக்கி. நல்ல டோஸ்!"

மதுஷனின் புருவம் உயர்ந்தது.

"தானா எடுத்திருப்பாவோ?"

"அவவா? முந்தாநாள் முழு வார்டுக்கும் வட்டிலப்பம் குடுத்த புள்ள சேர். 'நேர்முகம் முடிய இன்னொருக்காத் தாறன்' எண்டும் சொன்ன. அவ ஏன் தூக்க மருந்து குடிக்கிற?"

"எப்ப முழிப்பா?"

"மத்தியானத்துக்குள்ள முழிக்கோணும்."

மதுஷன் வெளியே வந்தார். தாழ்வாரத்தில் ஸுஹைறா நின்றிருந்தாள். சீருடையில் இரத்தக் கறை காய்ந்திருந்தது.

"நீங்கள்தானே முதல்ல கண்டது?"

"ஓம் சேர். வேலைக்குக் கூட்டிப் போகப் போன நான். போகக்குள்ள விழுந்துதான் கெடந்தா."

"வீட்டில வேற ஆர் இருந்தது?"

"ஒருத்தருமில்ல. உம்மா மௌத்து, உசிரோட இல்ல. வாப்பா சுபஹு தொழுதிட்டு அப்பிடியே சாறன் கடைக்குப் போயிடுவாரு."

"ஆரிலயும் சந்தேகம்?"

ஸுஹைறா உதட்டைக் கடித்தாள். அங்குமிங்கும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லக் கூடாது சேர்..."

இப்படித் தொடங்குகிறவர்கள் சொல்லாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை!

"சொல்லுங்கோ."

"நுஸ்ரத்துக்குத் தங்கச்சி போறது துண்டா விருப்பமில்ல. 'நீ போனா வாப்பாவ ஆரு பாக்குற, எல்லாம் என்ட தலையிலதான்' எண்டு ஒவ்வொரு நாளும் சண்ட. இண்டக்கி விடியவும் வந்து, பயணப் பெட்டியத் தூக்கி எறிஞ்சிட்டுப் போயிரிக்கா!"

"இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"றம்ஸியாதான் சொல்லி அழுத சேர். பாவம் புள்ள!"

ஸுஹைறாவின் கண் கலங்கியது.

"அவவ நானே பாத்துக்கிறன் சேர். வேற ஆரையும் கிட்ட உடமாட்டன். எனக்கு அவ தங்கச்சி போலதான்."

"நல்லது" என்றார் மதுஷன்.

நல்லதுதானா?

அந்தக் கேள்விக்கு அவர் பதில் தேடுவதற்குள், குசினியில் எடுத்துத் தன் பையில் போட்டிருந்த றம்ஸியாவின் போன் அலறியது.

"ஹலோ, றம்ஸியா! என்னாச்சும்மா? காலையில இருந்து கூப்பிடுறேன், எடுக்கவே மாட்டேங்கிறியே!"

"நான் பொலிஸ் கதைக்கிறன். நீங்கள் ஆர்?"



"போலீஸா...? சார், நான் கல்பனா. சென்னையில இருந்து. நர்ஸுங்களை அமெரிக்கா ஹாஸ்பிடலுக்கு அனுப்புற கம்பெனி. அந்தப் பொண்ணு நல்லா இருக்கா இல்ல?"

"உயிரோட இருக்கிறா. கடைசியா அவவோட எப்ப கதைச்சீங்கள்?"

"இன்னிக்குக் காலையில. இன்டர்வியூவுக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு சொல்லிட்டிருந்தேன். நடுவுல குரல் குழற ஆரம்பிச்சுது. என்னம்மான்னு கேட்டேன். அவ சொன்னா சார்..."

"என்ன சொன்னா?"

"'தாத்தா தந்த தேத்தண்ணியைக் குடிச்சேன், அதுல இருந்து தலை சுத்துது'ன்னா. அப்புறம் தொப்புன்னு ஒரு சத்தம்!"

மதுஷன் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"வடிவாக் கேட்டீங்களோ? தாத்தாவோ?"

"தாத்தாதான் சார். தெளிவாக் கேட்டுச்சு. அவங்க வீட்டுப் பெரியவரா இருக்கும். ஏதாவது பழைய மருந்தை மாத்திப் போட்டுட்டாரோ என்னவோ!"

*

தன் சாறன் துணிக் கடையிலிருந்து ஓடி வந்திருந்த மீராமுகைதீன், தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் மர வாங்கில் குந்தியிருந்தார். இரண்டு பெண்களைப் பெற்றவர். தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

மதுஷன் பக்கத்தில் அமர்ந்தார். தாத்தா என்ற சொல்லை வெளியே விடவில்லை. பொலிஸ் மூளை! யாரையும் நம்பாத மூளை.

"ஐயா, உங்கட அப்பா இருக்கிறாரோ?"

"என்ட வாப்பாவா? அவர் மௌத்தாகிக் கன காலம் சேர்."

"உங்கட மனிசியின்ட அப்பா?"

"மாமாவும் மௌத்து. சுனாமிக்கு முந்தியே மௌத்து."

"அப்ப வீட்டில வயசு போன ஆம்பிளையள்..."

"நான்தான் சேர் இரிக்கன். ஏன் கேக்குறீங்க?"

மதுஷன் எழுந்தார்.

இரண்டு தாத்தாக்களும் மையவாடியில், மண்ணுக்குள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது எந்தத் தாத்தா?

*

"மதுஷன், நீ யாழ்ப்பாணத்து ஆள். அதுதான் உனக்கு வெளங்கல்ல!"

பொலிஸ் நிலையத்தில், கதவைச் சாத்திய அறையில், நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. வீரகோன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன சேர்?"

"தாத்தா சொன்னா என்ன? எங்க சிங்களத்தில தாத்தா சொன்னா அப்பா! இந்தப் பொண்ணு கொழும்பில நர்ஸிங் படிச்சது. சிங்களப் பொண்ணுங்க கூட ஹொஸ்டலில இருந்தது. பழகிப் போச்சு. அப்பாவைத்தான் தாத்தா சொல்லியிருக்கு!"

மதுஷன் யோசித்தார். பேய் தேத்தண்ணி போட்டது என்பதைவிட இது பரவாயில்லை.

"வெளிய நிக்கிற கொன்ஸ்டபிளிட்ட ஒருக்காக் கேட்டுப் பாப்பமே சேர்? அவர் இந்த ஊர்தானே."

"வேணாம்! இந்த ஸ்டேஷன்ல பாதிப் பேர் மீராமுகைதீனுக்குச் சொந்தம். மத்தப் பாதி அவர் கடையில சாறன் வாங்குது. ஒரு வார்த்தை வெளிய போனா, நாம போறதுக்கு முந்தி அது மருதமுனைக்குப் போயிரும்!"

சந்தேகப்படுவது நல்ல குணம்தான். ஆனால் அந்தக் கதவைத் திறந்து கொன்ஸ்டபிளிடம் ஒரே ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டிருந்தால், இந்தக் கதை இந்த இடத்திலேயே பாதி முடிந்திருக்கும்.

கேட்கவில்லை.

மீராமுகைதீன் அழைத்து வரப்பட்டார். கதவு மறுபடி சாத்தப்பட்டது.

வீரகோன் மேசைக்குக் குறுக்கே சாய்ந்தார்.

"உங்க மக மயங்கிறதுக்கு முந்தி போன்ல பேசினது. என்ன சொன்னது தெரியுமா? தாத்தா குடுத்த தேத்தண்ணி குடிச்சதாம்!"

மீராமுகைதீன் நிமிர்ந்தார்.

"என்ன சொன்ன...?"

"தாத்தா! தாத்தா குடுத்த தேத்தண்ணி! அதிலதான் மருந்து!"

மனிதரின் முகத்தில் இரத்தம் வற்றிப் போனது. அந்த ஒரு சொல் அவர் நெஞ்சில் எந்த இடத்தில் போய்க் குத்தியது என்று எதிரே இருந்த இருவருக்கும் தெரியாது.

"அவ... அப்பிடியா சொன்ன? தாத்தா எண்டா?"

"அப்பிடித்தான் சொன்னது. இப்ப நீங்க சொல்லுங்க!"

மீராமுகைதீன் கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன. ஏதோ ஓதினார். கண் திறந்தபோது அவை நனைந்திருந்தன. குரல் மட்டும் உறுதியாக இருந்தது.

"நான்தான் சேர்."

"என்ன?"

"நான்தான் மருந்து போட்ட. அவ என்ன உட்டுட்டுப் போறது எனக்கு ஏலாமப் போயிட்டு. வேற ஒருத்தருக்கும் இதுல சம்பந்தமில்ல. ஒருத்தரையும் விசாரிக்க வேணாம். என்ன உள்ளுக்கப் போடுங்க!"

வீரகோன் வெற்றியோடு மதுஷனைப் பார்த்தார். கேஸ் முடிஞ்சது என்றது அந்தப் பார்வை.

மதுஷனுக்கு இனிக்கவில்லை. குற்றவாளிகளை அவர் பார்த்திருக்கிறார். 'நான் இல்லை' என்று காலில் விழுகிறவர்கள் உண்டு. 'வேறு ஒருவரையும் விசாரிக்க வேண்டாம்' என்று கெஞ்சுகிறவர்?

"ஐயா, ஒரு கேள்வி. பால் தேத்தண்ணியோ, வெறும் தேத்தண்ணியோ?"

மீராமுகைதீன் தடுமாறினார்.

"பா... பால் தேத்தண்ணி."

"சீனி?"

"போட்டன் சேர். நல்லாப் போட்டன்."

குசினித் தரையில் கவிழ்ந்து கிடந்த கோப்பையை மதுஷன் மோந்து பார்த்திருந்தார். பால் இல்லை. கடும் சாயம். இஞ்சி மணம்.

இந்த மனிதர் பொய் சொல்கிறார்!

யாருக்காக?

*

மாலை வெயில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீளமாக விழுந்திருந்தது.

டொக்டர் அஸ்ஹர் எதிரே வந்தார். முகம் சரியில்லை.

"இன்னும் முழிக்கல்ல சேர். எனக்கு விளங்கல்ல!"

"மத்தியானத்துக்குள்ள எண்டு சொன்னீங்கள்?"

"அந்த மருந்து இவ்வளவு நேரம் நிக்காது. பகல் ஒருக்காக் கண்ணத் துறந்த. சரி எண்டு நான் ரூமுக்குப் போன. வந்து பாக்குறன், மறுகாவும் அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம்!"

மதுஷனின் நடை நின்றது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நுஸ்ரத் நின்றிருந்தாள். கையில் ஒரு சின்னப் போத்தலில், மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீர். கண்கள் வீங்கியிருந்தன.

போத்தல்! இவள் கையில் போத்தல்!

அவர் வாயைத் திறப்பதற்குள், படியேறி வந்த ஒரு குமரிப் பெண் நுஸ்ரத்திடம் ஓடினாள். அயல் வீட்டுக்காரி போல.

"தாத்தா! தங்கச்சிக்கு எப்பிடி இரிக்கி தாத்தா?"

மதுஷனுக்குத் தலையில் யாரோ தேங்காய் உடைத்தது போலிருந்தது.

"தங்கச்சி! இப்ப இவவை என்னெண்டு கூப்பிட்டனீர்?"

அந்தப் பெண் பயந்து போனாள்.

"தாத்தா எண்டு..."

"தாத்தாவோ? இவ என்னெண்டு தாத்தா?"

"என்ன சேர் கேக்குறீங்க? என்னவிட மூத்தவ. எங்கட ஆக்கள் அக்காவத்தான் தாத்தா எண்டு சொல்லுற!"

அக்கா...

அக்கா!

சென்னைக்காரி கிழவனைத் தேடச் சொன்னாள். சிங்களவர் தகப்பனைப் பிடித்துக் கொடுத்தார். பருத்தித்துறைக்காரர் மையவாடி வரை போய் வந்தார். தகப்பனுக்கு மட்டும் அந்தச் சொல் கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிட்டது. ஒரு மகள் மற்ற மகளுக்கு மருந்து கொடுத்தாள் என்று விளங்கி, அந்தப் பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்!

"நுஸ்ரத்! உங்கட வாப்பா ஸ்டேஷனில இருக்கிறார். றம்ஸியாவுக்கு மருந்து குடுத்தது தான்தான் எண்டு ஒத்துக்கொண்டிட்டார்!"

"வாப்பாவா? உசிரு போனாலும் வாப்பா செய்யமாட்டாரு!"

"எனக்கும் தெரியும். அவர் ஒராளைக் காப்பாத்தப் பொய் சொல்றார். விழுறதுக்கு முந்தி றம்ஸியா போனில சொன்னது இதுதான். தாத்தா தந்த தேத்தண்ணி!"

நுஸ்ரத் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகம் கோணியது.

"வாப்பா... நான் குடுத்தன் எண்டு நெனச்சிட்டாரா?"

"நீங்கள் குடுக்கேல்லையோ?"

"அல்லாஹ் மேல சத்தியமா இல்ல சேர்! சண்ட புடிச்ச ஓம். இண்டக்கி விடியப் போய்ப் பெட்டியையும் தூக்கி எறிஞ்ச. எறிஞ்சிட்டு என்ட ஊட்டுக்குப் போய் அழுது கெடந்த. அவ போனா எனக்கு இஞ்ச ஆரு இரிக்கா? அதச் சொல்லத் தெரியாமத்தான் சண்ட புடிச்ச!"

"அப்ப எந்தத் தாத்தா..."

"சேர்!" நுஸ்ரத் சட்டென்று கண்ணைத் துடைத்தாள். "அவ என்ன ஒரு நாளும் தாத்தா எண்டு கூப்புட மாட்டா!"

"என்ன?"

"எங்கட ஊட்டுல ராத்தா! ரெண்டும் ஒண்டுதான் சேர். சில ஊட்டுல தாத்தா, சில ஊட்டுல ராத்தா. பேச்சு வந்த நாளையில இருந்து நான் அவளுக்கு ராத்தாதான். வெளியாக்களத்தான் அவ தாத்தா எண்டுற! ராத்தா எண்டதுதான் உங்கட வாயில தாத்தாவாப் போச்சு எண்டு வாப்பா நெனச்சிருப்பாரு."

மதுஷன் அவளை உற்றுப் பார்த்தார். நம்பலாமா? ராத்தா என்று சொன்னது சென்னைக்காரியின் காதில் தாத்தா என்று விழுந்திருக்கலாமே? தப்பிக்கக் கண்டுபிடித்த கதையாக இருக்கலாமே?

"பெட்டியை எறிஞ்சது ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியா. நானும் அவளும் மட்டும்தான் அறைக்குள்ள இருந்த. வாப்பா கடைக்குப் போயிட்டாரு."

"அப்ப ஸுஹைறாவுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஸுஹைறாவுக்கா? அவ வரக்குள்ளதான் தங்கச்சி மயங்கிக் கெடந்தாளே!"

மதுஷன் குறிப்புப் புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டினார்.

'றம்ஸியாதான் சொல்லி அழுத சேர்...'

எப்போது சொன்னாள்? பெட்டி பறந்ததற்கும் றம்ஸியா விழுந்ததற்கும் நடுவில் அந்த வீட்டுக்கு ஒருத்தி வந்திருக்கிறாள். அழுதவளைத் தேற்றியிருக்கிறாள். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்!

"றம்ஸியா ஸுஹைறாவை என்னெண்டு கூப்பிடுறவ?"

நுஸ்ரத் வாயைத் திறந்தாள். அவள் கண்கள் மெதுவாகக் கண்ணாடிக் கதவுக்குத் திரும்பின.

"ஸுஹைறா... தாத்தா..."

கண்ணாடிக்கு அப்பால், கட்டிலருகே ஸுஹைறா நின்றாள். மருந்துத் தட்டில் எதையும் தொடவில்லை. சீருடைப் பைக்குள்ளிருந்து ஓர் ஊசியை எடுத்தாள். சேலைன் குழாயைக் கையில் பிடித்தாள்.

டொக்டர் அஸ்ஹரின் குரல் பதறியது.

"நான் ஒரு ஊசியும் எழுதல்லயே!"

மதுஷன் கதவைத் தோளால் இடித்தார்!

"ஊசியைக் கீழ போடு!"

ஸுஹைறா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஊசி முனை குழாய்க்குள் நுழைய ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது. மதுஷன் பாய்ந்தார். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். ஊசி தரையில் விழுந்து உருண்டது.

டொக்டர் அவள் சீருடைப் பையில் மிச்சமிருந்த மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தார்.

"அதே மருந்து! பகலும் இதத்தானா ஏத்தின? தலையில அடிபட்ட புள்ளக்கு? மூச்சு நிண்டிருக்குமே!"

"சாகட்டும் எண்டு நெனக்கல்ல சேர்!" ஸுஹைறா வெடித்தாள். "சத்தியமா நெனக்கல்ல. ஒரு நாள். ஒரே ஒரு நாள் தூங்கட்டும் எண்டுதான் நெனச்ச. நாளைக்கி அந்த நேர்முகம் தவறினாப் போதும்!"

"ஏன்?"

"ஏனா? இங்கிலீஷ் பரீட்சைக்கி அவளுக்குச் சொல்லிக் குடுத்தது ஆரு? நான்! அவள அந்த டெக்சஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போடச் சொன்னது ஆரு? நான்! ரெண்டு பேரையும் அதே ஆஸ்பத்திரிதான் எடுத்த. என்னவிட இளசு, எனக்குப் பொறகு வேலைக்கி வந்தவ. அவளுக்குத் தேதி வந்திட்டு. எனக்கு ஒண்டும் வரல்ல. அவ கட்டில்ல தூங்குவா, நேர்முகத்துக்குப் போகமாட்டா, அவட இடம் எனக்கு வரும் எண்டு..."

ஸுஹைறா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"திரும்பி வந்து பாக்குறன், குசினியில இரத்தத்துல கெடக்கா. அல்லாஹ்வே! நான்தான் காயத்தக் கட்டின. நான்தான் உசிரக் காப்பாத்தின. அதயும் எழுதுங்க சேர்!"

"ஓம், எழுதுவம். பகல் குடுத்த ஊசியையும் சேர்த்து எழுதுவம்."

*

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம் றம்ஸியா கண் திறந்தாள்.

"பஸ்ஸு போயிட்டா?"

அதுதான் முதல் கேள்வி! நுஸ்ரத் அழுகையும் சிரிப்புமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகட்டும் புள்ள. நானே கூட்டிப் போறன். எங்க வேணுமோ அங்க கூட்டிப் போறன்."

"ராத்தா... என்ட பெட்டிட பூட்ட ஒடச்சிட்டீங்க."

"புதுசு வாங்கித் தாறன்டி!"

வாசலில் மீராமுகைதீன் நின்றார். பொலிஸ் நிலையத்திலிருந்து நேரே வந்திருந்தார். உள்ளே கால் வைக்கத் தயங்கினார்.

நுஸ்ரத் திரும்பிப் பார்த்தாள். எழுந்தாள். தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எனக்காக மறியல் கம்பிக்குள்ள போகப் பாத்தீங்க வாப்பா. அது சரி. நான் செய்வன் எண்டு எப்பிடி நம்பின?"

மீராமுகைதீன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். பெற்ற மகளைச் சந்தேகித்த வெட்கம் அவரைத் தின்றது. நுஸ்ரத் அவரைத் தேற்றவில்லை. விலகி, உள்ளே போக வழிவிட்டாள். அன்றைக்கு அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

*

பொலிஸ் நிலையத்தில் ஸுஹைறா வாங்கில் குந்தியிருந்தாள். பக்கத்தில் பெண் கொன்ஸ்டபிள்.

றம்ஸியாவின் போன் இன்னும் மதுஷனிடம்தான் இருந்தது. அடித்தது.

சென்னை!

"சார், ஹாஸ்பிடலுக்குப் பேசினேன், றம்ஸியா கண் முழிச்சுட்டாளாமே! ரொம்ப சந்தோஷம். இன்டர்வியூவைப் பத்தி அவளைக் கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க. ஹாஸ்பிடல்ல இருக்கான்னு தூதரகத்துக்கு மெயில் போட்டாச்சு. வேற தேதி கேட்டு வாங்கிக்கலாம்."

"அப்ப நாளைக்குப் போகாட்டி அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போகாதோ மேடம்?"

"ஐயோ, அது என்ன பஸ் சீட்டா சார்? இவ எழுந்தா இன்னொருத்தி உட்கார்றதுக்கு? மனு ஒவ்வொருத்தர் பேர்லயும் தனித்தனியா இருக்கு. ஒருத்தரோடது இன்னொருத்தருக்குப் போகவே போகாது!"

மதுஷன் வாங்கில் இருந்தவளைப் பார்த்தார். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னொரு நல்ல சேதி சார். அதே ஹாஸ்பிடல்ல ஸுஹைறான்னு ஒரு நர்ஸ் இருக்காங்க. அவங்க போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். பக்கத்திலதான் இருக்கிறா."

"அப்படியா! அவங்க கிட்டச் சொல்லிடுங்க சார். இன்னிக்கு மத்தியானம் மெயில் வந்துச்சு. அவங்களுக்கும் இன்டர்வியூ தேதி கிடைச்சாச்சு!"

ஸுஹைறாவின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. அரை நாள்! அரை நாள் பொறுத்திருந்தால் போதும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஒன்றாகப் போயிருப்பார்கள்.

"பேப்பர் எல்லாம் ரெடி சார். ஒண்ணே ஒண்ணுதான் குறையுது. இந்தப் பொண்ணு மேல எந்தக் கேஸும் இல்லைன்னு உங்க ஊர் போலீஸ் ரிப்போர்ட். அதைக் கொஞ்சம் சீக்கிரமா வாங்கித் தர முடியுமா?"

மதுஷன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"அதைப்பற்றி யோசிக்காதேங்கோ மேடம். இப்பதான் எழுதத் தொடங்கிறன்... ஆனா கொஞ்சம் நீளமா வரும்!"